பூட்டிய கதவின் முன் ரோஷ்னி பேசியது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டோம்பிவிலியில் எங்கள் வீட்டு ஹால் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் சினிமாவில் சவுண்ட் வேலை பார்க்கிற பிள்ளைகள். நாங்கள் 'கம்ராவாலி பிக்சர்' என்று சொல்லிக்கொண்டிருந்த, பூட்டிய அறையைப் பற்றிய அந்தப் பழைய இந்திப் படத்தைப் புதுப்பித்து எங்கோ திரையிட்டிருக்கிறார்கள். பார்த்த கையோடு ரயிலேறி வந்துவிட்டார்கள். உட்காருவதற்கு முன்பே ஒருவர் கேட்டார்:

"அங்கிள், அந்த வராந்தா ஸீன்ல மைக் எங்க இருந்துச்சு? அது டப்பிங் இல்லேன்னு சொல்றாங்களே!"

"என் கையில இருந்துச்சு" என்றேன்.

அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இடையில் பல வருஷம் எல்லாமே டப்பிங்காக இருந்தது. நடிகர்கள் வாயை அசைத்துவிட்டுப் போவார்கள். பிறகு ஓர் அறையில் நின்று பேசிச் சேர்ப்பார்கள். இப்போது மறுபடியும் செட்டிலேயே குரலைப் பிடிக்கிறார்கள். அதனால் இவர்களுக்கு எங்கள் காலத்தைக் கேட்க ஆசை. அன்று பேசியது போதவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது, இப்போதும்.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். பெரியப்பா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தார். அவர் வீட்டில் வந்து இறங்கி, செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் லைட் தூக்கினேன். பிறகு வயர் சுருட்டினேன். பிறகு ஒருநாள் பூம் பிடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று என் கையில் கழியைக் கொடுத்தார்கள். பூம் என்றால் நீளமான ஒரு கழி, அதன் நுனியில் மைக். நடிப்பவர் தலைக்கு மேலே, காமிராவின் கண்ணில் படாமல், நிழலும் விழாமல் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். கை நடுங்கக் கூடாது. தும்மக் கூடாது. காய்ச்சல்காரர் திரும்பி வந்தபோது அவருக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ரூஸ்தம் சாஹேப், பார்சி. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு டீ பிளாஸ்க். காதைக் காப்பாற்றுவதற்காக லோக்கல் ரயிலில் வரும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஷாட்டுக்கு முன்னால் செட்டைச் சுற்றி மெதுவாக நடப்பார். ஒவ்வொருவர் அருகிலும் நின்று காதைச் சாய்ப்பார். சட்டைப் பையில் சில்லறை இருந்தால் எடுத்து வைக்க வேண்டும். சாவி, வளையல், கொலுசு, கிறீச்சிடும் செருப்பு, எல்லாம் வெளியே. காமிரா ஓடும் சத்தம் கேட்காமலிருக்க அதற்கு ஒரு கம்பளி மெத்தை போர்த்தியிருக்கும். அதையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். கடைசியில் கூரையைப் பார்ப்பார். தகரக் கூரைக்கு அடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த புறாக்கள்தான் அவருக்கு ஜென்ம விரோதிகள். ஒருத்தர் துணியைக் கட்டிய மூங்கிலால் அவற்றைத் துரத்தி முடித்த பிறகே மணி அடிக்கச் சொல்வார். மணி அடித்தால் ஃபேன் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், செம்பூர் வெயிலில் எல்லோரும் வேர்த்து ஊற்றுவோம்.

சாஹேப் ஒரு பக்கம் மேடைபோல உயர்ந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பஸ்ஸர். வெளியே ரயில் கூவினாலோ, யாராவது இருமினாலோ பஸ்ஸர் அலறும். அந்த டேக் செத்துப்போனது என்று அர்த்தம். பெரிய பெரிய ஹீரோக்களின் அழுகையை எல்லாம் நடுவில் வெட்டியிருக்கிறார். ஷாட் நன்றாக வந்தால் "சலேகா" என்பார், பரவாயில்லை, ஓடும் என்று. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இனி ரோஷ்னி. போஸ்டரில்தான் ரோஷ்னி. வீட்டில் பேச்சியம்மாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார், பூர்வீகம் தென்காசிப் பக்கம். மாட்டுங்காவில் நடனம் கற்று, குரூப் டான்ஸில் பின்வரிசையில் நின்று, முன்வரிசைக்கு வந்து, ஹீரோயினாகி, நாலைந்து படத்தில் மரத்தைச் சுற்றி ஓடியிருந்தார். அவரை வைத்து ஒரு பேய்ப் படம் எடுக்கப்போவதாக நிர்மல் பாபு என்ற வங்காளி டைரக்டர் சொன்னபோது ஸ்டுடியோ முழுக்கச் சிரித்தது. அதுவும் பேயே வராத பேய்ப் படம்! மலைமேல் ஒரு பங்களா. புதுசாகக் கல்யாணமான பெண். கணவன் அடிக்கடி வெளியூர். மாடியில் பூட்டிக்கிடக்கும் ஓர் அறையில் யாரோ இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. நிஜமாகவே இருக்கிறார்களா, அவள் மனம்தான் அப்படியா என்று கடைசிவரை தெரியாது.

முதல்நாள் ரிகர்சலில் தலைக்கு மேலே கழியோடு நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, "அண்ணே, நீங்க நம்ம பக்கமா? மூஞ்சப் பாத்தாத் தெரியுது" என்றார்.

"நாசரேத் தாயி. இப்ப லேபர் கேம்ப்."

"அப்பாடா! இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கிடைச்சுட்டு."

ஆனால் அந்தப் பேச்சுக்குத்தான் ஆபத்து இருந்தது. தயாரிப்பாளர் சேட் முதலிலேயே சொல்லிவிட்டார்: முகம் ரோஷ்னியுடையது, குரல் வேறொருவருடையது. காரணம் ஒரே ஒரு வார்த்தை. 'பூத்' என்றால் இந்தியில் பேய். முதல் எழுத்தை அடிவயிற்றிலிருந்து மூச்சைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரோஷ்னி சாதாரணமாகப் பேசும்போது சரியாகத்தான் சொல்வார். உணர்ச்சி ஏறினால் போதும், நம் ஊர்ப் 'பூ' வந்துவிடும். "பேய்ப் படத்தில் பேயையே சொல்லத் தெரியவில்லை. லக்னோவில் சிரிப்பார்கள்" என்றார் சேட். நாடக மேடையில் பேர் வாங்கிய ஓர் அம்மாவை டப்பிங்குக்கு ஏற்பாடும் செய்தாயிற்று. அதனால் நாங்கள் செட்டில் பிடித்த குரல் எல்லாம் டப்பிங் பேசுகிறவருக்கு வெறும் வழிகாட்டிதான். முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

ரோஷ்னிக்கு இது தெரியும். ஒருநாள் மேக்கப் அறை வாசலில் நின்று சொன்னார்: "மூஞ்சி மட்டும் போதும்னா போட்டோவ ஒட்டிக்க வேண்டியதுதானே அண்ணே? பயம் தொண்டையிலதான இருக்கு?"

ரூஸ்தம் சாஹேப் மட்டும், அழிக்கப்போகிற குரல்தானே என்று ஒருநாளும் அலட்சியமாக இருக்கவில்லை. அதே நடை, அதே புறா விரட்டல், அதே பஸ்ஸர். சேட் எரிச்சலோடு கேட்டபோது, "எனக்குக் கெட்ட சவுண்ட் எடுக்கத் தெரியாது, சேட். கற்றுக்கொள்ள வயசும் இல்லை" என்றார் மெதுவாக.

வராந்தாக் காட்சி வந்தது. படத்தின் உயிர் அது. கணவன் இல்லாத வேளையில் அவள் கையில் ஒரு ஹரிக்கேன் விளக்கோடு மாடி வராந்தாவில் நடந்து அந்த அறைக்குப் போகிறாள். காமிரா அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் தொடர்கிறது. கதவின் முன் நின்று "கோன் ஹை?" என்று கேட்கிறாள், யார் என்று. பிறகு சட்டென்று காமிரா பக்கம் திரும்பி வீறிட்டு அலறி மயங்கி விழ வேண்டும். "தியேட்டருக்கு வெளியே பான் கடைக்காரனுக்குக் கேட்க வேண்டும்" என்பது சேட்டின் உத்தரவு. எல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்.

எங்களுக்குத்தான் பிரச்சினை. வெளிச்சமே அந்தக் கைவிளக்கு ஒன்றுதான். பக்கத்தில் எங்கே மைக்கை நீட்டினாலும் சுவரில் யானை மாதிரி நிழல் விழுந்தது. ஒளிப்பதிவாளர் கையெடுத்துக் கும்பிட்டார், மைக்கே வேண்டாம், ஊமைப்படமாக எடுத்துக்கொள்கிறேன், எப்படியும் டப்பிங்தானே என்று. சாஹேப் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

செட்டுக்கு மேலே லைட்காரர்கள் நடக்கும் பலகைகள் உண்டு, கயிற்றில் தொங்கும். நான் அதில் குப்புறப் படுத்து, மைக்கை நேராகக் கீழே இறக்கி, அவர் நடக்க நடக்க வயிற்றாலேயே ஊர்ந்து போக வேண்டும். தலைக்கு நேர் மேலே இருந்தால் அவர் நிழலும் மைக்கின் நிழலும் ஒன்றாகிவிடும். ஆனால் அங்கிருந்து எனக்கு அவருடைய வகிடு மட்டும்தான் தெரியும். அதனால் சாஹேப் தன்னிடமிருந்த இன்னொரு ஹெட்போனுக்கு நீள வயர் போட்டுக் கொடுத்தார். "கண்ணை மறந்துவிடு. காதால் நட" என்றார்.

ரிகர்சலில் இரண்டு முறை நான் பின்தங்கிவிட்டேன். ரோஷ்னி அண்ணாந்து பார்த்தார். "என் காலப் பாக்காதீங்க அண்ணே. மூச்சக் கேளுங்க. ஒரு மூச்ச விட்டுட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பேன். நீங்களும் அப்பவே நகந்திருங்க."

அதற்குப் பிறகு பிசகவே இல்லை. அவர் மூச்சு, என் முழங்கை. அவர் மூச்சு, என் முழங்கை. இருவரும் ஒரே உடம்பு மாதிரி அந்த வராந்தாவைக் கடந்தோம். இறங்கி வந்தபோது எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

மதிய வெயிலில் டேக். மணி அடித்தது, ஃபேன் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சாஹேப் தலையசைத்தார். கிளாப் அடித்து ஆள் விலகினார். என் காதுக்குள் ரோஷ்னியின் மூச்சு மட்டும். வெறுங்கால் பலகையில் ஒட்டி எழும் சத்தம். விளக்கின் கைப்பிடி லேசாக அசையும் சத்தம். மூச்சு, அடி. மூச்சு, அடி. பாதி தூரத்தில் மூச்சு குறுகியது, அடியும் குறுகியது. நானும் குறுகினேன். கதவு வந்தது. நின்றார்.

"கோன் ஹை?"

அந்தக் கதவுக்குப் பின்னால் அறையே கிடையாது. இரண்டு சட்டம், ஒரு சாக்குப் படுதா, அவ்வளவுதான். பதில் வர வழியே இல்லை.

ஆனால் வந்தது! கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ புரண்டது. படபடவென்று ஒரு அடிப்பு. பிறகு மரத்தைச் சுரண்டும் சத்தம். மேலே இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. விரட்டியதில் தப்பிய ஒரு புறா சாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உதறிக்கொண்டிருந்தது. கீழே யாருக்கும் தெரியாது. ரோஷ்னிக்கும் தெரியாது.

மூச்சு நின்றுவிட்டது. ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. நான் கண்ணாடி அறையைப் பார்த்தேன். சாஹேபின் விரல் பஸ்ஸருக்கு மேலே வந்துவிட்டது. ஒரு இருமலுக்கு டேக்கைக் கொல்கிறவர், இது புறா! போச்சு என்று பல்லைக் கடித்தேன். அந்த விரல் இறங்கவில்லை. அப்படியே காற்றில் நின்றது.

அப்போது ரோஷ்னி பேசினார். இந்தியில் இல்லை. தாழ்ந்த குரலில், கோபக்காரத் தெய்வத்திடம் பேசுகிற மாதிரி:

"போயிரு... போயிரு தாயி... நா ஒண்ணும் செய்யல... போயிரு..."

புறா இன்னொரு முறை அடித்து அடங்கியது. அலறல் வரவில்லை. சேலை உரசும் சத்தம் கேட்டது. அவர் கதவில் முதுகைச் சாய்த்து, சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். நின்ற மூச்சு திரும்ப வந்தது, துண்டு துண்டாக, விம்மல் மாதிரி. அழுகிறார் என்று நினைத்தேன். நிர்மல் பாபு "கட்" சொல்ல மறந்துவிட்டார். பிலிம் தீர்ந்து காமிரா தானாக நின்றது.

முதலில் வந்தது மேலே பார்த்து ரோஷ்னி கேட்ட கேள்விதான்:

"அண்ணே... உள்ள என்னது கிடக்கு?"

"புறா, தாயி!"

"புறாவா? எம்மா! உசிரே போயிட்டு!" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே விளக்கைத் தரையில் வைத்தார்.

ரூஸ்தம் சாஹேப் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். ஷாட் முடிந்து அவர் செட்டுக்குள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சலேகா" சொல்வார் என்று எல்லோரும் பார்த்தோம். சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து, தன் கோப்பையில் டீ ஊற்றி, ரோஷ்னியிடம் குனிந்து கொடுத்தார். பிறகு படுதாவைத் தூக்கிப் புறாவைத் தானே விடுவித்தார்.

சேட் குதித்தார். அலறல் எங்கே? மதராஸி பாஷை எதற்கு? மறுபடி எடுங்கள்! நிர்மல் பாபு கைகளைக் கட்டிக்கொண்டு, "மறுபடி எடுக்கலாம். ஆனால் இந்தப் பெண் இப்போது போன இடத்துக்கு இன்னொரு முறை டாக்ஸி கிடையாது" என்றார். கடைசியில் சேட் ஒரு வழி கண்டுபிடித்தார். டப்பிங்தான் இருக்கிறதே! வாய் தெரியாமல் முதுகுதானே தெரிகிறது. நாடக அம்மா இந்தியில் ஏதாவது பேசி, நல்லதாக ஓர் அலறலும் சேர்த்துவிடட்டும்.

டப்பிங் நாளன்று அந்த அம்மாவுக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டி மைக் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். அந்த அம்மா பெரிய ஆள், குரல் வெள்ளிக்கிண்ணி. மற்ற காட்சிகளைச் சுலபமாகப் பேசிக்கொண்டே வந்தார். வராந்தாக் காட்சியைத் திரையில் போட்டு, ரோஷ்னியின் குரலை அவர் காதில் கொடுத்தோம். ஒருமுறை கேட்டார். இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சேட்ஜி, இதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் என் முதுகைப் பாருங்கள், ஜில்லிட்டுப் போயிருக்கிறது. இதன்மேல் நான் பேசினால் எனக்குப் பாவம் பிடிக்கும். வேறு யாரையாவது கேளுங்கள். அவர்களும் மாட்டார்கள்."

"சரி, அந்த ஒரு காட்சி மட்டும் ரோஷ்னி குரலிலேயே இருக்கட்டும்" என்று சேட் இறங்கி வந்தார்.

அப்போதுதான் சாஹேப் வாயைத் திறந்தார். "ஒரு உடம்புக்கு ரெண்டு தொண்டை எப்படி வைப்பது, சேட்? ஜனங்களுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தீர்களா? ஆரம்பம் முதல் முடிவு வரை அவள் குரல் என்னிடம் இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது."

நாடக அம்மா பேசியதெல்லாம் போய், படம் முழுக்க ரோஷ்னியின் சொந்தக் குரல் வந்தது அப்படித்தான். செய்தி சொல்ல நான்தான் ஓடினேன். பக்கத்து ஃப்ளோரில் டான்ஸ் உடையில் இருந்தார். கேட்டதும் கொலுசுக் காலோடு ஒரு குதி குதித்து, "எப்பா! அம்மைட்டச் சொல்லணுமே!" என்றார். அவ்வளவு பெரிய ஹீரோயின்!

படம் வந்த வாரம் மாட்டுங்காப் பக்கம் ஒரு தியேட்டரில் சாயங்கால ஆட்டத்துக்கு என் மனைவி எஸ்தரோடு போனேன். லேபர் கேம்ப் பாதி அங்கே இருந்தது; தாராவியிலிருந்து வேறு குடும்பம் குடும்பமாக. பூம் பிடிக்கிறவனை யாரும் பிரிவியூவுக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் அந்தக் காட்சியின் ஒலியை மனப்பாடமாக அறிவேன், முகத்தைப் பார்த்ததில்லை.

வராந்தா வந்தது. மூச்சு, அடி. இருட்டில் என் முழங்கை தானாக நாற்காலிக் கையில் நகர்ந்தது. எஸ்தர் அதைப் பிடித்து அழுத்தினாள். "கோன் ஹை?" உள்ளே படபடப்பு. தியேட்டர் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. "போயிரு தாயி..." என்றதும் எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பொம்பிளை எழுந்தே நின்றுவிட்டார்: "ஏ பிள்ளே, கதவத் தொறந்துராத!" யாரும் சிரிக்கவில்லை. இந்திக்காரர்கள் வார்த்தை புரியாமல் இன்னும் அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவர் திரும்பி, கதவில் சாய்ந்து, சரிந்தார். முகம் தெரிந்தது.

கண்ணில் நீர் வழிகிறது. ஆனால் அழவில்லை. சிரிக்கிறார். ரொம்ப நாள் கழித்து யாரோ வந்துவிட்ட மாதிரி, அந்தக் கதவுக்குள் இருப்பதை முதுகால் தாங்கிக்கொண்டு, சின்னதாக, சந்தோஷமாக. நான் விம்மல் என்று நினைத்த மூச்செல்லாம் அந்தச் சிரிப்பு. எனக்கு உச்சந்தலை வரை மயிர் நின்றது. "யேசுவே" என்றாள் எஸ்தர்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பத்திரிகைகள் கொண்டாடின. பைத்தியத்தின் பாஷையை இந்த நடிகை தானே கண்டுபிடித்திருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். லேபர் கேம்ப்பே உருண்டு சிரித்தது. அந்த வருஷப் பரிசுகள் ரோஷ்னிக்கு வந்தன. தெருவில் மராட்டிப் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள் எல்லாம் ஒருவர் பின்னால் ஒருவர் பதுங்கி வந்து "போயிரூ!" என்று கத்தினார்கள். ஆண்டாப் ஹில் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டே, "போயிரு, போயிரு, ஆகே சலோ!" என்று முன்னே நகரச் சொன்னதை என் காதால் கேட்டேன். அர்த்தம் தெரியாமலே சரியாகத்தான் சொன்னார்!

அந்த நாட்களில் ஒருநாள் இடைவேளையில் ரூஸ்தம் சாஹேப் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கோப்பையை ஊதிக்கொண்டே கேட்டார்:

"ஞான்ராஜ், மிக்ஸிங்கில் அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. அந்தப் பெண் என்னதான் சொல்கிறாள்?"

"'போய்விடு, தாயே, நான் ஒன்றும் செய்யவில்லை, போய்விடு' என்கிறார், சாஹேப்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார்.

"'போய்விடு' என்றா? நிச்சயமா?" என்றார். "'வா' என்று சொல்கிறாள் என்றல்லவா நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாட்னி ஆட்டத்துக்கு மறுபடி போனேன். வராந்தா வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வார்த்தையை விட்டுவிட்டு, குரலை மட்டும் கேட்டேன்.

சாஹேப் சொன்னது சரி. 'வா' என்றுதான் கேட்டது.